கொடியை விடாத கை

குழந்தைகளே! பல்லடம் பஸ் ஸ்டாண்டில் திருப்பூர் பஸ் ஏறி, ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து கொள்ளுங்கள். விசைத்தறிகளின் 'டடக் டடக்' சத்தம் காதில் விழும். கோழிப் பண்ணைகள் பின்னோக்கி ஓடும். பதினைந்து கிலோ மீட்டர்தான் தூரம். கொஞ்ச நேரத்தில் திருப்பூர் வந்துவிடும்.

அந்த ஊரில் ஒரு பெயரை நீங்கள் அடிக்கடி பார்ப்பீர்கள். குமரன் சாலை, குமரன் பெயரில் ஒரு மகளிர் கல்லூரி, ரயில் நிலையத்துக்கு அருகில் குமரன் நினைவகம்!

யார் இந்தக் குமரன்? மன்னரா? இல்லை. மந்திரியா? இல்லை. பெரிய பணக்காரரா? அதுவும் இல்லை. ஒரு ஆலையில் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்த நெசவாளர் வீட்டுப் பிள்ளை. 27 வயதில் இறந்துபோனவர். அவர் மேடையேறிப் பெரிய சொற்பொழிவு எதுவும் ஆற்றவில்லை. புத்தகம் எதுவும் எழுதவில்லை. ஒரு கொடியைக் கையில் பிடித்தார். அதை விடவில்லை. அவ்வளவுதான்!

ஒரு கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்பது என்ன பெரிய காரியம் என்று கேட்கிறீர்களா? சுதந்திர தினத்தன்று நீங்களும்தான் சட்டையில் கொடி குத்திக்கொள்கிறீர்கள். மிட்டாயும் கிடைக்கிறது. ஆனால் 1932-ஆம் ஆண்டில் கொடி பிடித்தவர்களுக்குக் கிடைத்தது வேறு. என்ன கிடைத்தது? வாருங்கள், பார்ப்போம்.

சென்னிமலைச் சிறுவன்

ஈரோடு மாவட்டத்தில் இருக்கிறது சென்னிமலை. மலைமேல் முருகன் கோயில். மலையடியில் தறிகள். சென்னிமலைப் போர்வை என்றால் தமிழ்நாடு முழுக்கத் தெரியும். உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கலாம், போய்ப் பாருங்கள்!

அந்த ஊரில் 1904-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் நாச்சிமுத்து - கருப்பாயி தம்பதிக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. குமாரசாமி என்று பெயர் வைத்தார்கள். குமரன் என்பது பிற்பாடு ஊரும் உலகமும் கூப்பிட்ட பெயர்.

கைத்தறி நெசவு என்பது ஒரு ஆள் செய்யும் வேலை இல்லை. வீடே சேர்ந்து செய்யும் வேலை. நூலுக்குக் கஞ்சி போட்டு, வெயிலில் நீளமாக இழுத்துக் கட்டி, இழை அறுந்தால் முடிந்து, பாவு தயார் செய்ய வேண்டும். குறுக்கே ஓடும் நூலைத் தாராகச் சுற்றி நாடாவில் வைக்க வேண்டும். அப்பா குழியில் கால் வைத்துத் தறி மிதிப்பார். அம்மா இராட்டையில் நூல் சுற்றுவார். பிள்ளைகளும் கூட மாட உதவுவார்கள். இத்தனை பேர் பாடுபட்டும் கிடைக்கும் கூலி கஞ்சிக்கும் பற்றாது.

ஏன் அப்படி? இங்கிலாந்தில் பெரிய பெரிய இயந்திர ஆலைகள் வந்துவிட்டன. நம் ஊர்ப் பருத்தி கப்பலேறி அங்கே போனது. துணியாக மாறித் திரும்பி வந்தது. மெல்லிய துணி, விலையும் மலிவு. கைத்தறிக்காரர் பாடு திண்டாட்டம்! நம் வயலில் விளைந்த பஞ்சுதான், நம் நெசவாளர் வயிற்றில் அடித்தது.

இப்படிப்பட்ட ஒரு வீட்டில் பிறந்த குமாரசாமியின் படிப்பு ஆரம்பப் பள்ளியோடு நின்றது. பலகையைக் கீழே வைத்துவிட்டுத் தறிக்குப் போனான் அந்தச் சிறுவன். உங்கள் வயதில் அவன் கையில் நோட்டுப் புத்தகம் இல்லை, குழந்தைகளே. நூல்தான் இருந்தது.

பஞ்சு ஊருக்குப் பயணம்

1923-இல் குமரனுக்குத் திருமணம் நடந்தது. அப்போது அவருக்கு வயது 19. மனைவி பெயர் ராமாயி. தறி வருமானத்தில் குடும்பம் நடத்த முடியவில்லை. வேலை தேடித் திருப்பூருக்கு வந்தார்.

அந்தக் காலத்துத் திருப்பூரை நீங்கள் இன்றைய திருப்பூராக நினைத்துவிடாதீர்கள். அப்போது அது கோயமுத்தூர் மாவட்டம், பல்லடம் தாலுகாவில் இருந்த ஓர் ஊர். ஆமாம், பல்லடத்துப் பிள்ளைகளே! அன்று தாலுகாவின் பெயர் உங்கள் ஊர்ப் பெயர்தான். திருப்பூர் தனி மாவட்டமானது 2009-இல். இப்போது உங்கள் பல்லடம் அந்தத் திருப்பூர் மாவட்டத்தில் இருக்கிறது. காலம் எப்படிச் சுற்றுகிறது, பார்த்தீர்களா?

அன்றைய திருப்பூரில் பனியன் தொழில் இன்றைக்கு இருப்பதுபோல் வளரவில்லை. பஞ்சுதான் ஊரின் உயிர். சுற்றுவட்டாரத்துக் காடுகளில் விளைந்த பருத்தி மாட்டுவண்டிகளில் வந்து இறங்கும். பஞ்சையும் கொட்டையையும் பிரிக்கும் ஆலைகள் இருந்தன. ஜின்னிங் ஆலை என்பார்கள். பிரித்த பஞ்சை மூட்டையாக அழுத்திக் கட்டி ரயிலில் ஏற்றுவார்கள். அப்படிப்பட்ட ஆலை ஒன்றில் எடை போடும் வேலை கிடைத்தது குமரனுக்கு.

திருப்பூருக்கு இன்னொரு பெருமையும் இருந்தது. அது கதர் ஊர்! தமிழ்நாட்டுக் கதர் வேலைகளுக்கெல்லாம் தலைமை இடமாக இருந்தது திருப்பூர். காந்தியடிகள் இந்த ஊருக்குப் பலமுறை வந்திருக்கிறார். பி.டி.ஆஷர், அவருடைய மனைவி பத்மாவதி ஆஷர் போன்ற தேச பக்தர்கள் வாழ்ந்த ஊர் அது.

கதர் என்றால் என்ன? கையால் நூற்று, கையால் நெய்த துணி. எந்தத் துணி வந்து தன் அப்பாவின் தறியை நிறுத்தியதோ, அந்தத் துணிக்குப் பதில் சொல்ல வந்த துணி! குமரனுக்குக் கதர் பிடித்துப் போனதில் ஆச்சரியம் உண்டா? அவர் கதர் கட்டினார். தேசபந்து வாலிபர் சங்கம் என்ற இளைஞர் அமைப்பில் முன்னின்று உழைத்தார். வங்கத்துத் தலைவர் சி.ஆர்.தாசுக்கு 'தேசபந்து' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. தேசத்தின் உறவினர் என்று பொருள். அந்தப் பெயரைத்தான் சங்கத்துக்கு வைத்திருந்தார்கள்.

பகலெல்லாம் ஆலையில் வேலை. மற்ற நேரத்தில் சங்க வேலை. இப்படி ஓடிக்கொண்டிருந்தது அவர் வாழ்க்கை.

கொடியில் ஒரு இராட்டை

இப்போது கொடிக்கு வருவோம்.

இன்றைய நம் தேசியக் கொடியில் நடுவே 24 ஆரங்கள் கொண்ட அசோகச் சக்கரம் இருக்கிறது அல்லவா? அது 1947-ஆம் ஆண்டு ஜூலை 22-ஆம் நாள் ஏற்கப்பட்ட கொடி. அதற்கு முன் 1931-இல் காங்கிரஸ் ஒரு கொடியை ஏற்றுக்கொண்டது. அதிலும் காவி, வெள்ளை, பச்சை மூன்றும் உண்டு. ஆனால் நடுவே சக்கரம் இல்லை. நூல் நூற்கும் இராட்டை இருந்தது! நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் கொடியைப் பார்த்தால் எப்படி இருந்திருக்கும்? தன் வீட்டுத் திண்ணையில் இருந்த இராட்டையே கொடியில் ஏறி உட்கார்ந்தது போல் இருந்திருக்காதா?

வெள்ளைக்கார அரசுக்கு அந்தக் கொடியைக் கண்டாலே ஆகாது. 1923-இல் நாகபுரியில் கொடி ஊர்வலம் போனதற்காக ஆயிரக்கணக்கானோரைச் சிறையில் தள்ளியது. ஒரு துணிக்கு ஏன் இவ்வளவு பயம்? இந்த நாடு எங்களுடையது என்று வாய் திறக்காமலே சொல்லிவிடுகிறதே அந்தத் துணி, அதனால்தான்!

தடியடி என்றால்?

'தடியடி' என்ற சொல்லைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். போலீசார் கையில் வைத்திருக்கும் நீண்ட மூங்கில் தடிக்கு லத்தி என்று பெயர். அந்தக் காலத்து லத்திகளில் முனையில் இரும்புப் பூண் போட்டதும் உண்டு. தலையில் விழுந்தால் எலும்பு உடையும்.

1930-ஆம் ஆண்டு மே மாதம் 21-ஆம் தேதி குஜராத்தில் தாராசனா என்ற இடத்தில் என்ன நடந்தது தெரியுமா? அரசின் உப்புக் கிடங்கை நோக்கி, சரோஜினி நாயுடு தலைமையில் சுமார் 2,500 தொண்டர்கள் நடந்தார்கள். வரிசை வரிசையாகப் போனார்கள். போலீசார் தலையிலேயே அடித்தார்கள். ஒரு வரிசை விழுந்ததும் அடுத்த வரிசை வந்தது. அடியைத் தடுக்கக்கூட யாரும் கை தூக்கவில்லை. வெப் மில்லர் என்ற அமெரிக்கப் பத்திரிகை நிருபர் அதை நேரில் பார்த்து எழுதினார். உலகம் முழுக்கப் பத்திரிகைகளில் அச்சாகியது. இந்தியாவில் ஆங்கிலேயர் நடத்துவது நல்லாட்சி என்று நம்பிக்கொண்டிருந்த பலர், அன்றைக்குத்தான் திடுக்கிட்டார்கள்.

திருப்பி அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கலகக்காரர்களை அடக்கினோம் என்று அரசு சொல்லியிருக்கும். உலகமும் நம்பியிருக்கும். திருப்பி அடிக்காததால், யார் பக்கம் நியாயம் என்று குழந்தைக்கும் புரிந்துவிட்டது. இதுதான் காந்தியடிகள் காட்டிய வழி. கேட்கச் சுலபம். செய்வதற்கு இதைவிடக் கஷ்டமான காரியம் கிடையாது. விளையாட்டில் ஒருவன் தள்ளிவிட்டாலே நமக்குக் கை பரபரக்கிறதே!

1932 ஜனவரி

1931-ஆம் ஆண்டின் கடைசியில் காந்தியடிகள் லண்டன் வட்ட மேஜை மாநாட்டிலிருந்து வெறுங்கையோடு திரும்பினார். டிசம்பர் 28-ஆம் தேதி பம்பாயில் வந்து இறங்கினார். ஒரு வாரம்கூட முழுதாக வெளியே இருக்க முடியவில்லை. 1932 ஜனவரி 4-ஆம் தேதி விடியற்காலையில் அவரைக் கைது செய்தார்கள். காங்கிரசைச் சட்ட விரோத அமைப்பு என்று அறிவித்தார்கள். கூட்டம் போடக்கூடாது, ஊர்வலம் போகக்கூடாது, கொடி பிடிக்கக்கூடாது என்று ஊருக்கு ஊர் தடை. தலைவர்கள் ஒவ்வொருவராகச் சிறைக்குப் போனார்கள்.

தலைவர்கள் எல்லாரும் சிறையில் இருந்தால் போராட்டம் நின்றுவிடும் என்று நினைத்தது அரசு. அப்போதுதான் சின்னச் சின்ன ஊர்களில், பெயர் தெரியாத மனிதர்கள் எழுந்து நின்றார்கள். திருப்பூரிலும் ஊர்வலம் போவது என்று முடிவாயிற்று. நாள்: ஜனவரி 10. தலைமை: பி.எஸ்.சுந்தரம். அந்த ஊர்வலத்தில் ஒருவராகப் போனார் குமரன்.

அந்த நாள்

ஞாயிற்றுக்கிழமை அது. பொங்கலுக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. மார்கழிக் குளிர். வீட்டிலிருந்து கிளம்பும்போது, திரும்பி வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம் என்பது குமரனுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. அந்த வாரம் நாடெங்கும் தடியடி நடந்துகொண்டிருந்தது. ராமாயிக்கும் தெரிந்திருக்கும்.

பெரிய படை ஒன்றும் இல்லை குழந்தைகளே, அந்த ஊர்வலம். சின்னஞ்சிறு கூட்டம்தான். கதர் உடை, கையில் கொடி, வாயில் வந்தே மாதரம் முழக்கம். கல் இல்லை, கம்பு இல்லை. தெருவில் இரண்டிரண்டு பேராக நடந்து போனார்கள். ஊர் மக்கள் ஓரமாக நின்று பார்த்தார்கள்.

போலீசார் வந்தார்கள். லத்திகள் உயர்ந்தன.

கை, கால், தோள், தலை என்று பார்க்காமல் அடி விழுந்தது. தலைமை தாங்கிய சுந்தரம் பலமாக அடிபட்டு விழுந்தார். மற்றவர்களுக்கும் காயம். குமரனின் தலையில் அடி இறங்கியது. மண்டை உடைந்தது. இரத்தம் முகத்தில் வழிந்தது.

அப்போது அவர் அந்தக் கொடியைக் கீழே போட்டிருந்தால் யார் குறை சொல்லியிருப்பார்கள்? ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். உயிரைக் காப்பாற்றிக்கொள்ள ஓடியிருந்தாலும் தவறு என்று யாரும் பேசியிருக்க மாட்டார்கள். அவர் கை மட்டும் விடவில்லை. கொடியைப் பிடித்தபடியே தரையில் சாய்ந்தார். நினைவு தப்பியது. அப்போதும் கொடிக்கம்பு அவர் கைக்குள் இருந்தது.

ஒரு கம்பு அடிப்பதற்காக ஓங்கியது. இன்னொரு கம்பு கொடியைத் தாங்குவதற்காக நிமிர்ந்து நின்றது. அன்று திருப்பூர்த் தெருவில் நின்றவர்கள் இரண்டையும் பார்த்தார்கள்.

மயங்கிக் கிடந்த குமரனை மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். மண்டை ஓடு உடைந்துவிட்டதால் காப்பாற்ற முடியவில்லை. மறுநாள், 1932 ஜனவரி 11-ஆம் தேதி, அவர் உயிர் பிரிந்தது. 27 வயது. திருமணமாகி எட்டு, ஒன்பது ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. குழந்தைகள் இல்லை.

நாம் எல்லாரும் குமரனைத் தியாகி என்கிறோம். ராமாயியையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அந்த வருடப் பொங்கல் அவர் வீட்டில் எப்படி இருந்திருக்கும்? கொடியைக் காத்தவர் போய்விட்டார். அதன் பிறகான அத்தனை வருடங்களையும் தனியாகத் தாங்கியவர் அவர். அதுவும் தியாகம்தானே!

ஊர் என்ன செய்தது?

ஒருவரை அடித்துப் போட்டால் மற்றவர்கள் பயந்து ஒதுங்குவார்கள். இதுதான் தடியடியின் கணக்கு. ஆனால் அந்தக் கணக்கு திருப்பூரில் தப்பாகப் போயிற்று. செய்தி ஊர் ஊராகப் பரவியது. அதுவரை சென்னிமலைக்கும் திருப்பூருக்கும் மட்டுமே தெரிந்த குமாரசாமி, தமிழ்நாட்டுக்கே 'கொடி காத்த குமரன்' ஆகிவிட்டார். பட்டம் கொடுக்க எந்த அரசரும் வரவில்லை. மக்களே கொடுத்த பட்டம் அது.

அவரைப் பற்றிப் பாடல்கள் பிறந்தன. நாடகங்களில் வந்தார். பாடப் புத்தகத்தில் வந்தார். அவர் கொடி பிடித்து விழுந்து 15 ஆண்டுகள் 7 மாதங்கள் கழித்து நாடு விடுதலை பெற்றது. அவருடைய நூற்றாண்டான 2004-இல் இந்திய அஞ்சல் துறை அவருக்குத் தபால் தலை வெளியிட்டது.

ஆனால் ஒரு விஷயத்தை நாம் மறைக்கக்கூடாது. அன்றைக்கு இந்தியத் தெருக்களில் லத்தி பிடித்த போலீசாரில் பெரும்பாலானோர் நம்மவர்களே. உத்தரவு கொடுத்த அரசுதான் வெள்ளைக்காரனுடையது. அடித்தவர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்திருப்பார்கள். சம்பளத்துக்காக, மேலதிகாரிக்குப் பயந்து அடித்திருப்பார்கள். அப்படியென்றால் அது தவறில்லையா? தவறுதான்! மேலே இருப்பவர் சொன்னார் என்பதால் ஆயுதம் இல்லாத ஒருவரின் மண்டையை உடைப்பது நியாயமாகிவிடாது. உங்கள் வகுப்பில் லீடர் சொன்னான் என்பதற்காக ஒரு பையனை எல்லாரும் சேர்ந்து அடித்தால், நான் சொன்னதைத்தான் செய்தேன் என்று தப்பிக்க முடியுமா?

கடல் கடந்த இன்னொரு பாலம்

குமரனைப் போலவே ஊர்வலம் போய், மண்டை உடைபட்ட இன்னொரு இளைஞரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் அமெரிக்காவைச் சேர்ந்தவர். பெயர் ஜான் லூயிஸ். கறுப்பினத்தவர்.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பின மக்களுக்குத் தனிப் பள்ளி, பஸ்ஸில் தனி இருக்கை, குடிதண்ணீருக்குக்கூடத் தனிக் குழாய் என்ற காலம் இருந்தது. ஓட்டுப் பதிவு செய்யப் போனால் ஏதாவது காரணம் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். எல்லாம் தோலின் நிறத்துக்காக!

இதை எதிர்த்து 1965-ஆம் ஆண்டு மார்ச் 7-ஆம் தேதி செல்மா என்ற ஊரில் சுமார் 600 பேர் ஊர்வலம் போனார்கள். முன்னால் நடந்தவர்களில் ஒருவர் ஜான் லூயிஸ். வயது 25. ஊர்வலம் ஆற்றுப் பாலத்தைக் கடந்ததும் போலீசார் தடிகளோடு பாய்ந்தார்கள். லூயிசின் மண்டை ஓட்டில் விரிசல் விழுந்தது. அவர்களும் திருப்பி அடிக்கவில்லை.

அவர்களுக்கு இதை யார் கற்றுக் கொடுத்தார்கள்? இங்கேதான் ஒரு அதிசயம். ஜேம்ஸ் லாசன் என்ற கறுப்பினப் பாதிரியார், 1950-களில் நம் நாகபுரியில் ஒரு கல்லூரியில் பணியாற்றியவர். ஆமாம், கொடிப் போராட்டம் நடந்த அதே நாகபுரிதான்! காந்தியடிகளின் வழியை இங்கே ஊன்றிக் கற்று, ஊருக்குத் திரும்பி மாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அந்த மாணவர்களில் ஒருவர்தான் ஜான் லூயிஸ்.

செல்மாவில் விழுந்த அடியை அன்று இரவே தொலைக்காட்சியில் நாடு முழுவதும் பார்த்தது. மக்கள் கொதித்தார்கள். பல ஊர்களில் இருந்து வெள்ளையர்களும் கிளம்பி வந்து கறுப்பின மக்களோடு கைகோத்து நடந்தார்கள். அதே மாதக் கடைசியில் ஊர்வலம் தலைநகர் மாண்ட்காமரியை அடைந்தபோது 600 பேர் 25,000 பேராகியிருந்தார்கள். ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஓட்டுரிமைச் சட்டம் கையெழுத்தானது.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. 2020-ஆம் ஆண்டு மே 25-ஆம் தேதி, மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் பிளாய்ட் என்ற கறுப்பினத்தவரைப் பிடித்த போலீஸ்காரர், அவர் கழுத்தில் முழங்காலை வைத்து ஒன்பது நிமிடங்களுக்கு மேல் அழுத்தினார். அவர் இறந்து போனார். அங்கே நின்ற 17 வயதுப் பெண் ஒருத்தி பயந்து ஓடாமல் அதைத் தன் செல்போனில் படம் எடுத்தாள். அந்தப் படம் உலகையே உலுக்கியது. பல நாடுகளில் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். அடுத்த ஆண்டு அந்தப் போலீஸ்காரர் குற்றவாளி என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்போராட்டங்களைப் பார்க்க 2020 ஜூனில் வாஷிங்டன் தெருவுக்கு வந்து நின்றார் 80 வயது ஜான் லூயிஸ். மறுமாதம் அவர் காலமானார்.

தமிழ்நாட்டிலும் அதே 2020 ஜூன் மாதத்தில் ஒரு துயரம் நடந்தது. தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில், போலீஸ் காவலில் தாக்கப்பட்ட ஒரு தந்தையும் மகனும் உயிரிழந்தார்கள். தமிழகமே கொதித்தது. பல ஊர்களில் கடைகளை அடைத்தார்கள். உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து விசாரித்தது. போலீசார் கைது செய்யப்பட்டார்கள். வழக்கு சி.பி.ஐ. வசம் போனது. மக்கள் பேசாமல் இருந்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்குமா?

இப்போது போலீஸ் யாருடையது?

இதைப் படித்துவிட்டுப் போலீஸ் மாமாவைக் கண்டால் ஓடி ஒளிய வேண்டாம், குழந்தைகளே! குமரன் காலத்துப் போலீஸ் அன்னிய அரசின் போலீஸ். இன்றைய போலீஸ் நம்முடையது. திருடனைப் பிடிப்பதும், திருவிழாவில் தொலைந்த பிள்ளையைத் தேடித் தருவதும், வெள்ளத்தில் நின்று ஆளைக் காப்பாற்றுவதும் அவர்கள்தான். ஆனால் நம்முடையது என்றால், அது நம் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது என்றும் பொருள்.

நம் அரசியல் சட்டத்தின் 22-ஆம் பிரிவு என்ன சொல்கிறது? கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். எதற்காகக் கைது என்று அவருக்குச் சொல்ல வேண்டும். 1996-இல் உச்ச நீதிமன்றம் இன்னும் சில விதிகளைக் கொடுத்தது. கைது செய்யும் போலீசார் பெயர்ப் பட்டை அணிந்திருக்க வேண்டும். உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்ல வேண்டும். யாரையும் அடித்து வதைக்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. நேர்மையான போலீஸ்காரருக்கும் இந்த விதிகள் பாதுகாப்புதான்.

அடுத்த முறை திருப்பூர் போனால்...

துணி எடுக்கவோ, உறவினர் வீட்டுக்கோ அப்பா அம்மாவோடு திருப்பூர் போகும்போது, கொஞ்ச நேரம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ரயில் நிலையத்துக்கு அருகில் இருக்கும் குமரன் நினைவகத்துக்குப் போய்ப் பாருங்கள். உங்கள் வீட்டில் யாராவது தறி ஓட்டுபவர் இருந்தால், அவர் கையை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். இழை பிடித்துப் பிடித்துக் காய்ப்பு ஏறியிருக்கும். கொடியைப் பிடித்ததும் அப்படிப்பட்ட ஒரு கைதான்.

நம்மை யாரும் கொடி பிடித்து அடி வாங்கச் சொல்லவில்லை. ஆனால் ஒரு கூட்டமே சேர்ந்து ஒருவனைக் கேலி செய்யும்போது, நிறத்தைச் சொல்லிப் பட்டப்பெயர் வைக்கும்போது, பலசாலி ஒருவன் சின்னப் பையனை அடிக்கும்போது, அது தப்பு என்று சொல்லி அவன் பக்கம் போய் நிற்கலாம் அல்லவா? கை ஓங்காமல், கால் பின்வாங்காமல்!

செய்வீர்களா, குழந்தைகளே?

குமரன் வாழ்வும் கொடியும்

1904 அக்டோபர் 4: சென்னிமலையில் பிறந்தார்.
1923: ராமாயியுடன் திருமணம்.
1931: இராட்டை உள்ள மூவண்ணக் கொடியைக் காங்கிரஸ் ஏற்றது.
1932 ஜனவரி 4: காந்தியடிகள் கைது. காங்கிரசுக்குத் தடை.
1932 ஜனவரி 10: திருப்பூர் ஊர்வலம். தடியடி.
1932 ஜனவரி 11: குமரன் உயிர் நீத்தார்.
1947 ஆகஸ்ட் 15: நாடு விடுதலை பெற்றது.
2004: நூற்றாண்டுத் தபால் தலை வெளியானது.